ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பென்னலூர் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டு வாசிச்ச பழக்கம்தான். "பள்ளிக்கூடமும் நம்ம குழுவும்" என்ற தலைப்புல பத்து நிமிஷம் பேசுன்னு தலைவி அக்கா சொன்னாங்க. பெரிய தலைப்பு அது. அதுல எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கறேன். நம்ம ஊர்ப்பக்கத்து சின்னப் பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கிற ஒரு டீச்சரோட நாள் எப்படிப் போகுது, அதுல நம்ம பங்கு என்ன, அவ்வளவுதான்.

நான் பென்னலூர். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். வீட்டுக்காரர் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனியில ஷிப்ட் வேலை. ரெண்டு பொண்ணுங்க. குழுவுல சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகுது. 2023-ல இருந்து காலை உணவுத் திட்டத்துல பள்ளிக்கூடத்துல சமைக்கிறேன். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது, சுய உதவிக் குழுவில் இருக்கணும், பத்தாவது படிச்சிருக்கணும், நெட் வசதியுள்ள செல்போன் இருக்கணும், தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கணும்னு சொன்னாங்க. நாலும் எனக்கு இருந்தது. பத்தாவது படிச்சதுக்கு என்ன பிரயோஜனம்னு என் மாமியார் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் கேக்கறதில்லை.

இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் ஆரம்பிச்சது. முதல்ல 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-ல திருக்குவளையில் தொடங்கி, மாநிலம் பூரா 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பள்ளிக்கூடத்துல சோறு போடறது நம்ம ஊருக்குப் பழைய கதை. 1920-ல சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்துல ஆரம்பிச்சாங்க. 1956-ல காமராஜர் மதிய உணவு கொண்டு வந்தார். 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு. இப்போ காலைச் சாப்பாட்டை நம்ம குழுப் பெண்கள் கையில் கொடுத்திருக்காங்க. அதனாலதான் ஒரு பள்ளிக்கூடத்தை விடியற்காலையில் இருந்து பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைச்சது.

சமையல் முடிஞ்சு பாத்திரம் கழுவி வெச்சா பத்து மணிக்கு நான் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா என் சின்னவ அங்கேதான் மூணாவது படிக்கிறா. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் நான் உறுப்பினர். அதனால மத்தியானம், சாயங்காலம்னு போக வர இருப்பேன். மூணு வருஷமா என் கண்ணால பார்த்ததைத்தான் சொல்றேன்.

"டீச்சர் வேலைன்னா நோகாத வேலை. சனி ஞாயிறு லீவு, மே மாசம் லீவு, கை நிறைய சம்பளம்." இதை நம்ம கூட்டத்திலேயே எத்தனை தடவை கேட்டிருக்கோம்! சம்பளம் நல்ல சம்பளம்தான், இல்லைன்னு சொல்லலை. நோகாத வேலையான்னு நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க.

நான் அஞ்சரை மணிக்குச் சமையல் கூடத்தைத் திறப்பேன். ஒரு பிள்ளைக்கு ரவையோ சேமியாவோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். எங்க பள்ளியில இப்போ 59 பிள்ளைகள். எல்லாரும் வந்தா ரவை 2 கிலோ 950 கிராம், பருப்பு 885 கிராம். உப்புமா, கிச்சடி, பொங்கல்னு கிழமைக்கு ஒண்ணு. அடுப்புப் பத்த வெச்ச நேரம், இறக்கின நேரம், எத்தனை பேர் சாப்பிட்டாங்க எல்லாம் செல்போன் செயலியில் ஏத்தணும்.

பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, காஞ்சிபுரத்துல இருந்து வர்றாங்க. ஷிப்ட் ஜனங்க நிக்கிற பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து இறங்கி, எட்டேகாலுக்கு உள்ளே நுழைவாங்க. கைப்பையை வெச்ச உடனே சாம்பாரை ருசி பார்ப்பாங்க. அதுக்குள்ள பிள்ளைங்க வர ஆரம்பிச்சுடும். அம்மா அப்பா ரெண்டு பேரும் விடியற ஷிப்டுக்குப் போன வீட்டுப் பிள்ளைங்க தானா எழுந்து, தானா சட்டை போட்டுக்கிட்டு வரும். பட்டன் மாறிப் போட்டிருக்கும், தலை வாரி இருக்காது. டீச்சர் மேஜை அறையில ஒரு சீப்பு, தேங்காய் எண்ணெய் பாட்டில், நகவெட்டி, ரெண்டு செட் பழைய யூனிபார்ம் எப்பவும் இருக்கும். பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாலு பேருக்காவது தலை பின்னிடுவாங்க. பின்னும்போதே, "ராத்திரி என்ன சாப்பிட்டே? அப்பா வந்தாரா? ஏன் ரெண்டு நாளா இருமறே?"ன்னு கேட்டுக்குவாங்க. ஒரு வீட்டுல என்ன நடக்குதுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

ஒன்பது மணிக்கு இறைவணக்கம். அப்புறம் வருகைப் பதிவு. அதை நோட்டுல போட்டா போதாது, போன்லயும் ஏத்தணும். எங்க பள்ளியில டவர் வாசல் வேப்பமரத்துக்கிட்டதான் கிடைக்கும். ஒரு கையில போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில ஒண்ணாவது பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு மரத்தடியில நிப்பாங்க.

பெரிய டீச்சருக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு வகுப்பு. சின்ன டீச்சருக்கு நாலும் அஞ்சும். ஒரே அறையில மூணு வகுப்பு எப்படி நடத்தறாங்கன்னு நீங்க ஒரு நாள் வந்து பார்க்கணும். 2022-ல அரசு "எண்ணும் எழுத்தும்"னு ஒரு திட்டம் கொண்டு வந்தது. எட்டு வயசுக்குள்ள எல்லாப் பிள்ளையும் வாசிக்கணும், கணக்குப் போடணும்ங்கிறதுதான் நோக்கம். அதுல பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலையாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. அடிப்படை எழுத்து இன்னும் பிடிபடாத பிள்ளை அரும்பு. கொஞ்சம் கொஞ்சம் வாசிக்க வந்தது மொட்டு. தன் வகுப்புப் பாடத்தைச் சரியாப் படிக்கிறது மலர். மூணாவது படிக்கிற பிள்ளை அரும்பாகவும் இருக்கும், ஒண்ணாவது பிள்ளை மொட்டாகவும் இருக்கும். மலர்ப் பிள்ளைங்களுக்கு வேலைத்தாள் கொடுத்து ஒரு மூலையில உக்கார வெச்சுட்டு, மொட்டுப் பிள்ளைங்களுக்குச் சொல் அட்டையைப் பரப்பிட்டு, அரும்புப் பிள்ளைங்ககூட டீச்சர் தரையில உக்காந்துடுவாங்க. நாம மூணு அடுப்புல சாதம், குழம்பு, பொரியல் வெச்சுப் பார்க்கிற மாதிரிதான். ஒண்ணைக் கிளறும்போது இன்னொண்ணு அடிப்பிடிக்காம இருக்கணும். நமக்கு அது ஒரு மணி நேரம். அவங்களுக்கு நாள் முழுக்க.

இப்போ நம்ம பகுதியில இன்னொரு விஷயம் சேர்ந்திருக்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற ஒடிசா, பீகார் குடும்பங்களோட பிள்ளைங்க நம்ம பள்ளிகள்ல சேருது. எங்க பள்ளியில ஒன்பது பேர். போன வருஷம் ஒடிசாவுல இருந்து ஒரு பொண்ணு ரெண்டாவதுல சேர்ந்தா. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. முதல் ரெண்டு வாரம் வாயே திறக்கலை. தாகம் எடுத்தாக்கூடக் கேக்கத் தெரியாம உக்காந்திருந்தது. டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? அந்தப் பொண்ணோட அப்பாகிட்டக் கேட்டு, ஒடியா வார்த்தைகளைத் தன் நோட்டுக் கடைசிப் பக்கத்துல தமிழ் எழுத்துல எழுதிக்கிட்டாங்க. தண்ணிக்கு "பாணி". ஒண்ணு ரெண்டு மூணுக்கு "ஏக்க, துயி, தினி". மறுநாள் மொத்த வகுப்பையும் முதல்ல தமிழ்ல எண்ணச் சொல்லி, அடுத்தது ஒடியாவுல எண்ணச் சொன்னாங்க. நம்ம பிள்ளைங்க தப்புத் தப்பாச் சொன்னதைக் கேட்டு அந்தப் பொண்ணு சிரிச்சுட்டா. எழுந்து நின்னு சரியாச் சொல்லிக் கொடுத்தா. அன்னைக்குத்தான் அவ குரலையே நாங்க கேட்டோம். இப்போ என்கிட்ட வந்து, "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க"ன்னு தமிழ்லயே கேக்கறா. இந்த வேலைக்கு எந்த ரிஜிஸ்டர்லயும் கட்டம் கிடையாது.

கட்டம் இருக்கிற வேலை வேற. ஆதார் இல்லாத பிள்ளை யாரு, பேங்க் கணக்கு இல்லாத பிள்ளை யாரு, சாதிச் சான்று யார்கிட்ட இல்லை, சீருடை அளவு, செருப்பு அளவு, பாடநூல் எத்தனை வந்தது, எத்தனை கொடுத்தது, மருத்துவக் குழு வந்தா உயரம் எடை, குடற்புழு மாத்திரை யார் சாப்பிட்டது, யார் சாப்பிடலை, முட்டைக் கணக்கு, கழிப்பறை போட்டோ. எல்லாம் ஏத்தணும். "இன்னைக்கே வேணும்"னு போன்ல தகவல் வரும். பாடம் நடத்தற நேரத்துலதான் வரும். தேர்தல் வந்தா தேர்தல் வேலை, வாக்காளர் பட்டியல் வேலை. 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூணைத் தவிர ஆசிரியர்களை வேற கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாதுன்னு எழுதியிருக்கு. அந்த மூணுமே சின்ன வேலை இல்லை. ரெண்டே டீச்சர் இருக்கிற பள்ளியில ஒருத்தர் தேர்தல் பயிற்சிக்குப் போயிட்டா, அன்னைக்கு அஞ்சு வகுப்புக்கும் ஒரே ஆள்தான்.

நாலு மணிக்கு மேல மணி அடிச்சா டீச்சர் கிளம்பிடலாம்னு நினைப்போம். ஷிப்ட் முடிஞ்சு அம்மா வராத பிள்ளைங்க நாலஞ்சு வாசப்படியில உக்காந்திருக்கும். ரோட்டுல கன்டெய்னர் லாரி ஓடுது. தனியா அனுப்ப முடியுமா? அஞ்சு, அஞ்சேகால் வரைக்கும் டீச்சரும் அதே படியில உக்காந்து நோட்டுத் திருத்திக்கிட்டு இருப்பாங்க. அப்புறம்தான் பஸ். ஊர் போய்ச் சேர ஏழரை. அவங்களுக்கும் வீடு இருக்கு, சமையல் இருக்கு, பத்தாவது படிக்கிற பையன் இருக்கான். ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்புல, "நாளைக்கு இருமல் பிள்ளைக்கு வெந்நீர் வெச்சுக் கொடுங்கம்மா"ன்னு எனக்குத் தகவல் வரும்.

இதெல்லாம் எப்பவும் இப்படி இருக்கலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மூணு டீச்சர் இருந்தாங்க. மூணாவது டீச்சர் ஏன் போனாங்கங்கிறதுதான் நான் இன்னைக்கு முக்கியமாச் சொல்ல வந்தது. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

சட்டப்படி தொடக்கப் பள்ளியில 60 பிள்ளைகள் வரைக்கும் ரெண்டு ஆசிரியர். 61-ல இருந்து 90 வரைக்கும் மூணு ஆசிரியர். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எத்தனை பிள்ளை இருக்குதோ அதைத்தான் கணக்குல எடுப்பாங்க. எங்க பள்ளியில 66 இருந்தது. அதுல அஞ்சாவது முடிச்சுப் போனவங்க போக, புதுசாச் சேர்ந்தவங்க குறைச்சல். அந்த வருஷம் ஆகஸ்ட் 1-ல எண்ணினா 58. மூணு பிள்ளை குறைஞ்சதுக்கு ஒரு டீச்சர் உபரி ஆயிட்டாங்க. பணி நிரவல்ல வேற பள்ளிக்கு மாத்திட்டாங்க. அவங்க போன அன்னைக்கு மூணாவது, நாலாவது பிள்ளைங்க அழுதுச்சு. மறுநாள்ல இருந்து ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு.

பிள்ளை இல்லாமலா குறைஞ்சது? நம்ம ஊர்ல பிள்ளைக்கா பஞ்சம்? காலையில ஏழரைக்கு ரோட்டோரம் நின்னு பாருங்க, மஞ்சள் வேன் வரிசையாப் போகும். அதுக்குப் பணம் எங்கிருந்து வருது? ஜூன் மாசம் நம்ம குழுக்கள்ல உள்கடன் கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் ஸ்கூல் பீஸுக்குத்தான் கேக்கறாங்க. கடன் நோட்டைப் புரட்டினாலே தெரியும். யாரையும் குத்தம் சொல்லலை. பிள்ளை இங்கிலீஷ் பேசணும்னு எந்த அம்மாவுக்குத்தான் ஆசை இல்லை? ஆனா அரசுப் பள்ளிகள்லயும் இங்கிலீஷ் மீடியம் நிறைய இடத்துல இருக்குன்னு பல பேருக்குத் தெரியலை. ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்சா மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு. பொண்ணுங்களுக்குக் காலேஜ் போகும்போது புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் இருக்கு. நம்ம பென்னலூர்லயே இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. எங்கெங்கிருந்தோ பிள்ளைங்க வந்து படிக்குது. அந்தக் கேட்டுக்குள்ள நம்ம ஊர்ப் பிள்ளையும் போகணும்னா, ஒண்ணாவதுல எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சர் வேணும் இல்லையா?

இந்தக் கணக்குல நாம மட்டும்தான் மாட்டிக்கிட்டு இருக்கோம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு நாள் டீச்சர் உலக உருண்டையை வெச்சு ராத்திரி பகல் பாடம் நடத்தினாங்க. நான் பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டேன். உருண்டையோட உச்சியைக் காட்டி, "இங்கே அலாஸ்கான்னு ஒரு இடம். வடகோடி ஊர்கள்ல குளிர்காலத்துல ரெண்டு மாசத்துக்கு மேல சூரியனே உதிக்காது"ன்னு சொன்னாங்க. பிள்ளைங்க வாயைப் பொளந்துச்சு. "அப்போ அவங்களுக்கு ஸ்கூல் லீவா டீச்சர்?"னு ஒரு பையன் கேட்டான். லீவு இல்லையாம். இருட்டுலயே பள்ளிக்கூடம் வருவாங்களாம். பல ஊர்களுக்கு ரோடே கிடையாது. சின்ன விமானத்துல போகணும், இல்லைன்னா படகு. டீச்சருங்க எங்கிருந்தோ வந்து பள்ளிக்கூடத்தை ஒட்டின வீட்டுலயே தங்குவாங்க. ஊர்க் கூட்டம், விளையாட்டு, விழா எல்லாத்துக்கும் அந்தப் பள்ளிக்கூடம்தான் இடம்.

அன்னைக்கு ராத்திரி நானும் என் பெரியவளும் போன்ல தேடிப் பார்த்தோம். அங்கேயும் ஒரு எண் இருக்கு. பத்துப் பிள்ளைக்குக் கீழே போனா அரசாங்கப் பணம் ஏறக்குறைய நின்னுடும், பள்ளிக்கூடம் மூட வேண்டியதுதான். அப்படி மூடின ஊர் நிறைய. அலாஸ்காவுல கார்லுக்னு ஒரு தீவுக் கிராமம். பள்ளிக்கூடம் மூடிட்டாங்க. 2021-ல அந்த ஊர் ஜனங்க ஒரு விளம்பரம் கொடுத்தாங்க: "மூணு நாலு பிள்ளைங்க இருக்கிற ரெண்டு குடும்பம் எங்க ஊருக்கு வந்து குடியிருங்க, முதல் வருஷ வாடகையை நாங்களே பார்த்துக்கறோம்"னு. பிள்ளைகளைத் தேடி ஒரு ஊரே விளம்பரம் கொடுத்திருக்கு!

எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரலை. அவங்க ஊருக்கு ரோடு இல்லை, பிள்ளையும் இல்லை. நமக்கு வாசல்லயே பெங்களூரு நெடுஞ்சாலை. 1998-ல இருந்து இங்கே செய்யற கார் நாடெல்லாம் ஓடுது. நம்ம தெருவுலயே பிள்ளைங்க இருக்கு. நாம விமானம் பிடிச்சா போகணும்? நாலு வீடு நடந்தா போதும்.

மறு வாரக் கூட்டத்துல எங்க குழுவுல பேசினேன். போன மே மாசம் எங்க ஊர்க் குழுக்கள்ல இருந்து பதினோரு பேர் சேர்ந்து தெருத் தெருவாப் போனோம். அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளை யார் யார் வீட்டுல இருக்குன்னு ஒரு பட்டியல் எழுதினோம். லைன் வீடுகள்ல ஒடிசா, பீகார்க் குடும்பங்களைப் பார்த்தோம். பிறந்த சான்று இல்லை, ஆதார் முகவரி இங்கே இல்லை, அதனால ஸ்கூல்ல சேர்க்க மாட்டாங்கன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. காகிதம் இல்லைன்னு எந்தப் பிள்ளையையும் சேர்க்காம இருக்கக் கூடாதுன்னு கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு. அதை டீச்சர் சொல்லிக் கொடுத்தாங்க, நாங்க வீடு வீடாச் சொன்னோம். சில வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டாங்க. சில பேர், "உங்களுக்குக் கமிஷன் வருதா?"ன்னு கேட்டாங்க. கேட்டா கேக்கட்டும்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணினோம். 59. இன்னும் ரெண்டு பிள்ளை இருந்திருந்தா 61. மூணாவது டீச்சருக்கு உரிமையோட கேட்டிருக்கலாம்.

ரெண்டு பிள்ளை, அக்கா. அதுக்காக இந்த வருஷமும் மூணு வகுப்புக்கு ஒரே டீச்சர். என் சின்னவளும் அதே அறையிலதான் உக்காந்திருக்கா. வர்ற ஏப்ரல்ல அஞ்சாவது முடிச்சு 13 பேர் வெளியே போறாங்க. மிச்சம் 46. அடுத்த ஆகஸ்ட்ல 61 வேணும்னா 15 பேர் புதுசா வரணும். அது வரலைன்னா நிலைமை இன்னும் கீழே போகும். பிள்ளை குறையக் குறைய, பள்ளிக்கூடமே வேணுமாங்கிற கேள்வி வந்துடும்.

அதனால நம்ம கூட்டமைப்புக்கு நாலு கோரிக்கை வைக்கிறேன். தீர்மான நோட்டுல எழுதணும்னு கேட்டுக்கறேன்.

முதலாவது, சேர்க்கை. இப்பல்லாம் மார்ச் மாசமே அரசுப் பள்ளிகள்ல சேர்க்கை ஆரம்பிச்சுடறாங்க. நாம மே மாசம் கிளம்பினா தாமதம், வேன்காரங்க அதுக்கு முன்னாடியே வந்து போயிருப்பாங்க. பிப்ரவரிக் கூட்டத்துலயே ஒவ்வொரு குழுவும் தன் தெருவுல அஞ்சு வயசு ஆகப்போற பிள்ளைங்க பட்டியலைக் கொண்டு வரணும். அங்கன்வாடியில கேட்டாலே பாதிப் பட்டியல் கிடைச்சுடும்.

ரெண்டாவது, காகிதம். பிறந்த சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்று. இதுக்காக டீச்சர் பாட நேரத்துல பெற்றோருக்கு போன் மேல போன் போடறாங்க. நம்ம குழுவுல பேங்குக்குப் போய் வந்து பழகினவங்க எத்தனை பேர் இருக்கோம்! இ-சேவை மையம் போகத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்! ஒரு குழுவுக்கு ஒரு ஆள் இதைப் பொறுப்பா எடுத்துக்கிட்டா, டீச்சருக்கு வாரத்துல பல மணி நேரம் மிச்சம் ஆகும். அந்த நேரம் நம்ம பிள்ளைங்க படிப்புக்குத்தான் போகும்.

மூணாவது, சாயங்காலம். நாலு மணியில இருந்து அஞ்சேகால் வரைக்கும் அந்த வாசப்படியில டீச்சருக்குப் பதிலா நம்மள்ல ஒருத்தர் உக்காரணும். முறை போட்டுக்கிட்டா ஒருத்தருக்கு மாசத்துல ரெண்டு நாள்கூட வராது. எங்க குழுவுல போன மாசத்துல இருந்து ஆரம்பிச்சுட்டோம். டீச்சர் இப்போ நாலரை பஸ்ஸைப் பிடிக்கிறாங்க. முதல் நாள் அவங்க போக மனசே இல்லாம கேட் வரைக்கும் போய் மூணு தடவை திரும்பி வந்தாங்க. "போங்க டீச்சர், நாங்க பெத்ததுங்கதான், நாங்க பார்த்துக்க மாட்டோமா"ன்னு சொல்லி அனுப்பினோம்.

நாலாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதுல பெற்றோர்தான் அதிகம், அதுலயும் பெண்கள் பாதிக்குக் குறையாம இருக்கணும்னு சட்டம் இருக்கு. ஆனா கூட்டம் போட்டா கையெழுத்துப் போட்டுட்டு ஓடிடறோம். குழுக் கூட்டத்துல அஞ்சு ரூபாய் வட்டி குறைஞ்சா எழுந்து நின்னு கேக்கறவங்க நாம. பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் குறைஞ்சதை ஏன் கேக்கறதில்லை? எண்ணிக்கை 61 ஆனா அடுத்த நாளே டீச்சர் வந்துட மாட்டாங்க, மனு எழுதிக் கேக்கணும். தீர்மானம் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழு கையெழுத்து, கூட்டமைப்புக் கையெழுத்து ரெண்டையும் சேர்த்துக் கொண்டு போய்க் கொடுப்போம். பத்துப் பெண்கள் சேர்ந்து போனா ஆபீஸ்ல உக்கார நாற்காலி கொடுப்பாங்கங்கிறது நமக்குத் தெரியாததா?

பெரிய டீச்சருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு. அவங்ககிட்ட, "இந்த மேடையில உங்களைப் பத்திப் பேசப் போறேன், என்ன சொல்லட்டும்?"னு கேட்டேன். "என்னைப் பத்தி எதுக்கும்மா? மூணாவது படிக்கிற எட்டுப் பேர் இன்னும் அரும்புலதான் இருக்காங்க, எனக்கு அதான் கவலை, அதைச் சொல்லுங்க"ன்னு சொன்னாங்க. சொல்லிட்டேன். அந்த எட்டுப் பேர்ல நாலு பேரோட அம்மா இந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க. கூட்டம் முடிஞ்சதும் என்னை வந்து பாருங்க, சாப்பாட்டுப் பந்தியில நான்தான் சாம்பார் வாளி தூக்கறேன்.